முதல் தடவை போனால் கதவு மட்டும்தான் திறக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார சேவை எல்லோருக்கும் எட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே ஒரு வரைபடமும் போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு சுகாதார நிலையத்தையும் நடுவில் வைத்து, சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குச் சேவை எட்டுகிறது, வெளியே இருப்பவர்களுக்கு எட்டவில்லை என்பது கணக்கு.

நான் 31 வருடம் சமுதாய நலச் செவிலியராக இருந்தவள். வீடு வீடாகப் போவதுதான் வேலை. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் மாடிப்படியைக் கண்டால் முழங்கால்தான் முதலில் பதில் சொல்கிறது. உங்கள் வட்டங்களைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர்கள் பெரும்பாலும் வட்டத்தின் நட்டநடுவில் இருந்தவர்கள். எங்கள் நிலையத்தின் மதில் சுவரை ஒட்டியே ஒரு பெரியவர் வீடு. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் மருந்து வரிசை தெரியும். யார் யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு பதினோரு மாதம் அவர் அந்த வரிசைக்கு வரவில்லை. நாங்களும் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் வரைபடத்தில் அவருக்கும் எங்களுக்கும் தூரம் பூஜ்யம்.

பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-லேயே இந்த ‘எட்டுவது’ என்ற சொல்லை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். சேவை என்று ஒன்று இருக்கிறதா, போய்வரும் தூரத்தில் இருக்கிறதா, நம்முடைய நேரத்துக்கு ஒத்துவருகிறதா, செலவு கட்டுப்படியாகிறதா, கடைசியாக, மனசு ஒப்புகிறதா. வட்டம் அளப்பது இதில் இரண்டாவதை மட்டும். கட்டில் நோயாளிக்கு ஐந்து கிலோமீட்டரும் ஐம்பது அடியும் ஒன்றுதான் என்பதால் அதைக்கூட முழுசாக அளக்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், இதற்குத் தீர்வாகச் செவிலியர்களை வீட்டுக்கே அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். 1978-ல், இன்றைய கஜகஸ்தானில் உள்ள அல்மா-அட்டாவில் 134 நாடுகள் கூடி, மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் முடிந்தவரை பக்கத்தில் மருத்துவத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னதிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் யாரை அனுப்புவது, எத்தனை தடவை அனுப்புவது என்று கட்டுரை கேட்கவில்லை. ஆள் மாற்றி ஆள் அனுப்பினாலும் வருகை வருகைதானே என்று நினைப்பவர்கள், மேலே இருப்பவர்களிலும் நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு சர்க்கரை நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார், இன்சுலின் தானே போட்டுக்கொள்வார். எப்போது பார்த்தாலும் சர்க்கரை ஏறுமுகம். போகும் இடத்தில் எல்லாம் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்று முறை கூட்டியும் இறங்கவில்லை. “ஒழுங்காகப் போடுவதில்லை” என்று அவர் சீட்டில் யாரோ எழுதியே வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வெவ்வேறு ஆட்கள் நான்கு தடவை போயிருந்தார்கள். நான்கு தடவையும் குறிப்பில் ஒரே வரி: அறிவுரை வழங்கப்பட்டது.

நானும் முதல் தடவை போனபோது அறிவுரைதான் வழங்கினேன். அவரும் தலையாட்டினார். இரண்டாவது தடவை நாற்காலியை இழுத்துப் போட்டார், தன் பழைய வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். மூன்றாவது தடவை நான் போன நேரம் ஊசி போடும் நேரம். “போடுங்க, நான் சும்மா இருக்கேன்” என்றேன். சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கம், கை தானாகவே போய் நின்ற இடத்தில் போட்டார். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மெத்தை, ரப்பர் மாதிரி.

“ஏன் எப்பவும் இங்கயே போடுறீங்க?”

“இங்க குத்தினாத்தான் சிஸ்டர் வலிக்கிறதில்ல.”

அவ்வளவுதான் விஷயம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே கொழுப்பு தடித்துவிடும், உணர்ச்சியும் மரத்துவிடும். வலிக்காது என்பதாலேயே ஆட்கள் அங்கேயே போடுவார்கள். அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒரு நாள் அரைகுறையாக ஊறும், ஒரு நாள் தாமதமாக ஊறும். மனிதர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார், ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இதைக் கண்டுபிடித்தது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்கு முன்னால் போன நால்வருக்கும் இது தெரியாத பாடமில்லை. பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். முன்பின் தெரியாத ஆள் முன்னால் அவர் சட்டையைத் தூக்கியிருக்க மாட்டார், அவ்வளவுதான். வலிக்குப் பயப்படுகிறேன் என்று அந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை முதல் சந்திப்பிலா சொல்வார்? முதல் தடவை போனால் கதவு மட்டும்தான் திறக்கும். பிரசவம் ஆகி வந்த பெண்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை “நல்லா இருக்கேன் சிஸ்டர்” என்பார்கள், பின்னால் வீட்டுப் பெரியவர்கள் நிற்பார்கள். தூக்கம் இல்லை, குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்ற பேச்சு வருவது வேறொரு நாள், அதுவும் நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது.

இது எங்கள் தொழில் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற கதை. 1859-ல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தன் மனைவியைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரே மாதத்தில் அந்த அம்மா திரும்பி வந்து, அங்கே பார்க்கிற அவலத்தைத் தாங்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். ராத்போன் சமாதானம் சொல்லி மறுபடி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது, இனி வேறு வேலைக்கே போக மாட்டேன், இதையே செய்கிறேன் என்று நின்றாராம். நகரத்தையே பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு செவிலியர் என்ற ஏற்பாடு அதிலிருந்துதான் வளர்ந்தது. இந்தக் கதையை எங்களுக்குப் பாடமாகச் சொன்ன ஆசிரியை, தியாகம், சேவை மனப்பான்மை என்றெல்லாம் சேர்த்துச் சொன்னார். எனக்கு அதில் தியாகம் எதுவும் தெரியவில்லை. முதல் மாதம் அவர் பார்த்தது அவலத்தை. மூன்றாம் மாதத்துக்குள் மனிதர்களோடு பழகிவிட்டார், தன் கையால் என்ன மாறுகிறது என்றும் பார்த்துவிட்டார். ராத்போன் மாதத்துக்கு ஓர் ஆளை மாற்றியிருந்தால், மூன்று பேரும் முதல் மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

பழக்கம் என்பது வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்று நினைப்பவர்களுக்கு நார்வே நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2022-ல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் போய்வந்தவர்களை, ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு வாய்ப்பு கால் பங்கு குறைவு, மருத்துவமனையில் அவசரமாகச் சேர வேண்டிய நிலையும் கால் பங்குக்கு மேல் குறைவு. அது மருத்துவர்களைப் பற்றிய கணக்கு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஆளைப் பார்ப்பவருக்கே பழக்கம் இவ்வளவு உதவுகிறது என்றால், படுக்கையறை வரை போகிறவளுக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, என் தவறு ஒன்று. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் தற்பெருமை ஆகிவிடும்.

ஒரு கட்டத்தில் எங்கள் கையில் டேப்லெட் கணினி கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 14 வீடு. வீடுகளை அதுவே பிரித்துத் தரும், நமக்கு இஷ்டமான வீடு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம், நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை நிரப்பாமல் அடுத்த வீட்டுக்கு நகர விடாது. அப்படி ஒரு நாள், ஒன்பதாவது வீட்டில் ஒரு மூதாட்டி, மாதக்கணக்கில் படுக்கை. அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. ரத்த அழுத்தம் பார்த்தேன், போட்டேன். மாத்திரை கேட்டேன், போட்டேன். ‘படுக்கைப் புண்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம். மகளிடம் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க” என்றார். இன்னும் ஐந்து வீடு பாக்கி. திருப்பிப் பார்க்கவில்லை. ‘இல்லை’யைத் தொட்டேன். கட்டம் பச்சையானது.

ஒன்பது நாள் கழித்து முதுகின் அடியில் உள்ளங்கை அளவுக்குப் புண், நடுவில் கறுப்பு. மகள் பொய் சொல்லவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது. நம்மைப் போலக் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அங்கே கண்ணை நம்பக் கூடாது, புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கும், கெட்டியாகவோ, இல்லை பழுத்த பழம் மாதிரி கொழகொழவென்றோ இருக்கும். மகளுக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்க வைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அன்றைய அறிக்கையில் எனக்கு 14-க்கு 14. நூறு சதவீதம். அடுத்த தடவை அந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டது வேறொருவர் என்பதால், புண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். நான் செய்த தவறு எனக்கே திரும்பி வந்து சேராத மாதிரி ஓர் ஏற்பாடு. தினமும் போகிற வீடாக இருந்திருந்தால் மறுநாளே அந்தக் கட்டிலின் எதிரில் நான்தான் நின்றிருக்க வேண்டும்.

ஆள் மாறி மாறிப் போகும் இந்த வியாதியை ஒரு நாட்டில் செவிலியர்களே அடையாளம் கண்டு மாற்றிக் காட்டினார்கள். நெதர்லாந்தில் ஊசி போட ஒருவர், குளிப்பாட்ட ஒருவர், கட்டு மாற்ற ஒருவர் என்று வீட்டுப் பராமரிப்பையே துண்டு துண்டாக வெட்டி, நிமிடக் கணக்குப் போட்டுவைத்திருந்தார்கள். ஜோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-ல் பூர்ட்சோர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதிகபட்சம் 12 செவிலியர் கொண்ட சிறு குழு, ஒரு குடியிருப்புப் பகுதி, மேலே மேற்பார்வையாளர் கிடையாது, யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதைக் குழுவே முடிவு செய்யும். நான்கு செவிலியரோடு ஆரம்பித்தது, பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பிரேசிலில் வேறு வழி. 1994-ல் வந்த குடும்ப சுகாதாரத் திட்டத்தில் சுகாதார முகவர் ஒருவருக்கு அதிகம் போனால் 150 குடும்பம், அதே பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது எல்லா வீட்டையும் தட்ட வேண்டும். காய்ச்சல் வந்த வீட்டை மட்டும் தட்டினால் போதாது. இரண்டு நாட்டு ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: ‘இது என் வீடு’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரே ஆள் போய்க்கொண்டே இருப்பதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கண் பழகிப்போகும். வாரா வாரம் நான் பார்த்துவந்த ஓர் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக இளைத்ததை நான் கவனிக்கவே இல்லை. நான் விடுப்பில் இருந்தபோது போன சக ஊழியர் அன்று மாலையே போன் செய்தார்: “அக்கா, அவங்க மோதிரத்துல நூல் சுத்தியிருக்கு, பார்த்தீங்களா?” கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றியிருக்கிறார். வாரா வாரம் நான் பார்த்த விரல் அது. அதனால் அவ்வப்போது புதுக் கண் ஒன்று போய்வருவது நல்லது. ஆனால் அந்தப் புதுக் கண்ணுக்கு, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. வீட்டுக்கு உரியவள் ஒருத்தி இருந்ததால்தான் அந்தச் செய்தி வந்து சேர இடம் இருந்தது.

இன்சுலின்காரர் கதையில் பாதிதான் சொன்னேன். கட்டி இல்லாத இடத்தில் போட ஆரம்பித்தால் மருந்து முழுசாக ஊறும். ஏற்கெனவே மூன்று முறை கூட்டிய அளவை அப்படியே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவார். ஆகவே, இடத்தை மாற்றும் அன்றே அளவையும் குறைக்க வேண்டும். எனக்கு அது தெரியும், ஆனால் குறைக்க அதிகாரம் இல்லை. மருத்துவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவருக்கும் வெளியே நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள், குறை சொல்லவில்லை. கடைசியில் அந்த மனிதரிடம் “இன்னும் ரெண்டு நாள் பழைய இடத்துலயே போடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். தவறு என்று தெரிந்த இடத்திலேயே தொடர்ந்து போடச் சொன்ன அறிவுரை, என் பணிக்காலத்திலேயே அது ஒன்றுதான். இரண்டாம் நாள் மருத்துவர் கிடைத்தார், குறைத்தார், ஒரு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இத்தனை சதவீதம் வரை செவிலியரே குறைக்கலாம் என்று ஒரு பக்க எழுத்து உத்தரவு இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் கையைக் கட்டி அனுப்பக் கூடாது. அனுபவம் இல்லாதவர்கள் தப்பாகக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதனால்தான் எல்லை போட்டு எழுதித்தரச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகத்தில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள், இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. இருக்கிறவர்களிலும் முக்கால்வாசிக்கு மேல், உலக மக்கள்தொகையில் பாதி பேர் வாழும் நாடுகளில்தான் இருக்கிறார்கள். ஆள் குறைவு என்பதால்தான் சொல்கிறேன். புதிதாகச் சேரும் பெண்கள் இரண்டு மூன்று வருடத்தில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேலை கடினம் என்று ஒருத்தியும் சொன்னதில்லை. “அக்கா, நான் யாரையும் முழுசாப் பார்க்கிறதே இல்ல” என்றாள் ஒருத்தி. ஒரு நாளைக்கு 14 வீடு என்பதை 8 ஆக்கினால் கணக்கு உடனே இறங்கும்தான். நான்கு பேர் நான்கு தடவை போய் அறிவுரை வழங்கிய வீட்டை, ஒரே ஆள் மூன்று தடவையில் முடித்ததையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வரைபடம் போடும்போது வட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரே செவிலியர் இரண்டு வருடத்துக்கு மேல் போய்வருகிற வீடுகளுக்கு ஒரு நிறம், ஆள் மாறி மாறிப் போகிற வீடுகளுக்கு ஒரு நிறம், யாருமே போகாத வீடுகளை வெள்ளையாக விடுங்கள். தகவல் கேட்டால் சுகாதாரத் துறையில் தர மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வீடு வாரியாக, தேதி வாரியாக, யார் போனார் என்பது உட்பட எல்லாம் டேப்லெட்டில் இருக்கிறது. எத்தனை வீடு என்பதைத் தவிர வேறெதையும் அதிலிருந்து யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய நலச் செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)

பின்குறிப்பு: கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு செவிலியர் ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார். பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றியிருக்கிறார், பாட்டியின் கை அந்தரத்தில் நிற்கிறது, கால் தரையில் படாமல் தொங்குகிறது, இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் எந்த ஒன்றுக்கும் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நான்கும் சேர்ந்தால் பாட்டிக்கு இல்லாத வியாதிக்கு மாத்திரை எழுதிவிடுவார்கள். அடுத்த தடவை படம் எடுப்பவரிடம், முதலில் பாட்டியை முதுகு சாய்த்து, காலை ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரவிடச் சொல்லுங்கள். பட்டையை வெறும் கையில் சுற்றட்டும்.